உதடு மூடிய ராஜாக்கள்

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. பெயரும் ஊரும் போட்டிருந்தார். ஆனால் அவற்றை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல் இரண்டு வரி புகழ்ச்சி. அதற்குப் பிறகு வந்தது கேள்வி.

"ஐயா, உங்கள் நாவல்கள் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். உங்கள் கதாநாயகிகளில் ஒருத்திக்காவது எத்துப் பல் இருக்கக்கூடாதா? எனக்கு எத்துப் பல். எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். என் கணவர் என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறார். உங்கள் கதைகளில் மட்டும் எனக்கு இடம் இல்லை."

இப்படிக் கேட்டால் என்ன செய்வது? 'அப்படியெல்லாம் இல்லை அம்மா' என்று பதில் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுதுவதற்கு முன்னால் எதற்கும் பார்த்துவிடலாமே என்று அலமாரியைத் திறந்து, என்னுடைய புத்தகங்களையே ஒரு விரோதி படிப்பதுபோல் புரட்டிப் பார்த்தேன். ஒன்பது நாவல்கள். கதாநாயகிகள் பதினொரு பேர். (இரண்டு நாவல்களில் தலைக்கு இரண்டு பேர், அந்தக் குற்றத்தை வேறொரு நாள் விசாரிக்கலாம்.) பதினொரு பேருக்கும் முத்துப் பல்! சிலருக்கு முல்லை அரும்பு. ஒருத்திக்கு மாதுளை விதை. எத்துப் பல் என் கதைகளில் இரண்டே பேருக்கு இருந்தது. ஒருத்தி வட்டிக் கடைக்காரரின் மனைவி. மற்றவள் அண்டை வீட்டில் இருந்துகொண்டு கோள் சொல்லுகிறவள். போதாக்குறைக்கு, கீழ்த் தாடை துருத்திய ஆசாமி ஒருவனும் அகப்பட்டான். அவன் கொலைகாரன்.

ஆக, அந்த அம்மாள் சொன்னது முற்றிலும் உண்மை. எனக்கு வெட்கமாயிருந்தது. அதைவிட ஆச்சரியமாயிருந்தது. இந்தப் பல் கணக்கை நான் யோசித்துப் போடவில்லை. பேனா தானாகவே போட்டிருக்கிறது. பேனாவுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

நாவலாசிரியன் தன் குற்றத்துக்குக் காரணம் தேடப் புறப்பட்டால் கடைசியில் சரித்திரத்தில்தான் போய் விழுவான். நானும் விழுந்தேன். விழுந்த இடம் ஸ்பெயின் தேசத்து அரண்மனை.

ஐரோப்பாவின் சரித்திரத்தில் ஹாப்ஸ்பர்க் வம்சத்தைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. ஆஸ்திரியாவில் அவர்கள் ஆட்சி, ஸ்பெயினில் அவர்கள் ஆட்சி, நெதர்லாந்து அவர்களுடையது, இத்தாலியில் பாதி அவர்களுடையது, அமெரிக்கக் கண்டத்து வெள்ளியெல்லாம் அவர்கள் கஜானாவுக்கு வந்தது. இவ்வளவு ராஜ்யங்களையும் அவர்கள் யுத்தத்தினால் மட்டும் சம்பாதிக்கவில்லை, கல்யாணத்தினாலும் சம்பாதித்தார்கள். 1477-ல் மாக்ஸிமிலியன், பர்கண்டி நாட்டு வாரிசான மேரியை மணந்தார். அவர் மகன் பிலிப் ஸ்பெயின் ராஜகுமாரியை மணந்தார். அந்தப் பிலிப்பின் மகன்தான் ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி. 1500-ஆம் வருஷம் பிறந்தவர்.

ராஜ்யங்களோடு இன்னொரு சொத்தும் அந்த வம்சத்தில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. அது கீழ்த் தாடை.

சாதாரணமாக நாம் வாயை மூடினால் மேல் பல் வரிசை கீழ் வரிசைக்குச் சற்று முன்னால் வந்து அமரும். இந்த வம்சத்தாருக்கு அது தலைகீழ். கீழ்த் தாடை முன்னால் நீண்டு நிற்கும். மேல் தாடை பின்னால் அமுங்கியிருக்கும். கீழ் உதடு தடித்துத் தொங்கும். ஐந்தாம் சார்லஸுக்குப் பற்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. 1525-ல் வெனிஸ் நகரத்துத் தூதர் கொன்டாரினி தம் ஊர்ச் சபைக்குக் கொடுத்த அறிக்கையில் இதை எழுதியிருக்கிறார். சக்கரவர்த்தியின் முகத்தில் மற்றதெல்லாம் சரியாய் இருக்கிறது, கீழ்த் தாடைதான் குறை. அதனால் அவர் பேச்சின் கடைசி வார்த்தைகள் சரியாக விளங்குவதில்லை என்பது அவர் சொன்னதின் சாராம்சம். பாதி ஐரோப்பாவுக்குக் கட்டளையிடுகிறவர் பேசுகிறார். எதிரே இருப்பவர்களுக்கு வாக்கியத்தின் முடிவு விளங்கவில்லை! 'தூக்கில் போடு' என்றாரா, 'போடாதே' என்றாரா என்று மந்திரிகள் எப்படித் தெரிந்துகொண்டார்களோ?

ஸ்பெயினில் ஒரு கதை சொல்வார்கள். பதினேழு வயதில் சார்லஸ் முதன் முதலாக அந்தத் தேசத்துக்கு வந்த சமயம். ராஜாவுடைய வாய் எப்போதும் சற்றுத் திறந்தே இருப்பதைப் பார்த்த ஒரு குடியானவன், இந்த ஊர் ஈக்கள் மரியாதை தெரியாதவை, வாயை மூடிக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தானாம். கதை மெய்யோ பொய்யோ, அதைச் சொல்லிச் சொல்லி ஜனங்கள் சிரித்தார்கள் என்பது மெய். சக்கரவர்த்தியைப் பார்த்து நேரில் சிரிக்க முடியாத ஜனங்கள், ஈயைக் கொண்டு வந்து அந்தக் காரியத்தை நிறைவேற்றிக்கொண்டார்கள்.

இள வயதில் சித்திரக்காரர் வான் ஆர்லி தீட்டிய படத்தில் சார்லஸ் மீசை தாடி இல்லாமல், வாய் சற்றுத் திறந்தபடி, உள்ளது உள்ளபடி இருக்கிறார். பிற்பாடு அவர் தாடி வளர்த்துக்கொண்டார். 1532-ல் ஸைஸனெகர் என்ற சித்திரக்காரர் அவரை ஒரு வேட்டை நாயுடன் நிற்க வைத்து எழுதினார். மறு வருஷம் அதே நிலையில், அதே நாயுடன், டிஷியன் என்ற மகா மேதை எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டிஷியனுடைய படத்தில் சக்கரவர்த்தி உயர்ந்திருக்கிறார், மெலிந்திருக்கிறார், கம்பீரமாகிவிட்டார். அதற்குப் பிறகு சார்லஸ் டிஷியனைத் தம் கையோடு வைத்துக்கொள்ள விரும்பியதில் ஆச்சரியம் என்ன? நம் ஊரில் கல்யாணப் படத்தை மெருகேற்றிக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரரை நாம் விட்டுவிடுகிறோமா?

சார்லஸுக்குப் பின் வந்தவர்கள் சொத்து வெளியே போகக்கூடாது என்பதில் குறியாக இருந்தார்கள். இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று புரியும். ஐரோப்பியர்கள் பக்கம் பக்கமாக எழுதி விளக்க வேண்டியதை நாம் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். சார்லஸின் மகன் இரண்டாம் பிலிப் 1570-ல் ஆஸ்திரியாவின் அன்னாவை மணந்தார். அன்னா அவருடைய சொந்த அக்காள் தங்கைமாரில் ஒருத்தியின் மகள். அதாவது பிலிப் அவளுக்குத் தாய்மாமன். 1649-ல் நாலாம் பிலிப் மரியானாவை மணந்தார். மரியானாவுக்கும் அவர் தாய்மாமன். அவளை முதலில் நிச்சயம் செய்திருந்தது அவருடைய மகனுக்கு. மகன் 1646-ல் இறந்து போகவே தகப்பனாரே மணமகனாகிவிட்டார். மாப்பிள்ளைக்கு நாற்பத்து நாலு வயது; பெண்ணுக்குப் பதினாலு. அவர்களுடைய மகள் மார்கரீட்டாவை 1666-ல் மணந்துகொண்டவர் வியன்னாவிலிருந்த லியோபால்டு சக்கரவர்த்தி. அவரும் அவளுக்குத் தாய்மாமனேதான்!

இந்த மார்கரீட்டாவை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1656-ல் வெலாஸ்க்வெஸ் எழுதிய உலகப் பிரசித்தி பெற்ற அரண்மனைச் சித்திரத்தின் நடுவே, வெள்ளை உடையில், தோழிப் பெண்கள் சூழ நிற்கும் ஐந்து வயதுக் குழந்தை அவள். அவள் வளர வளர அவளுடைய படங்களை எழுதி வியன்னாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மாமன் பெண்ணைப் பார்க்கும் ஏற்பாடு அது. நேரில் போய்ப் பார்க்க முடியாத தூரம். ஆகவே சித்திரத்தில் பெண் பார்த்தார்கள். இருபத்தோராம் வயதில், 1673-ல், அவள் இறந்து போனாள்.

அவளுடைய தகப்பனார் நாலாம் பிலிப்பை வெலாஸ்க்வெஸ் வாலிபத்திலிருந்து முதுமை வரையில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். டிஷியனைப் போல் அவர் எதையும் மெருகேற்றவில்லை. நீண்ட முகம், நீண்ட தாடை, தடித்த கீழ் உதடு, களைத்த கண்கள். வருஷம் ஆக ஆகக் களைப்பு கூடுகிறதே தவிர தாடை மாறவில்லை. அந்தப் படங்களின் முன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. இந்த மனிதருக்கு எவ்வளவு கவலை என்றுதான் தோன்றும். ஒரு நல்ல சித்திரக்காரர் செய்யக்கூடிய காரியம் இதுதான் போலும். துருத்திய தாடையை மறைக்காமலே, தாடைக்குப் பின்னால் இருக்கும் மனிதரை நமக்குக் காட்டிவிடுகிறார்.

கடைசியில் வந்தார் இரண்டாம் சார்லஸ். 1661-ல் பிறந்தார். மார்கரீட்டாவின் தம்பி. தாடை இவ்வளவு நீண்டு நின்றதால் மேலும் கீழும் பற்கள் சந்திக்கவே இல்லை. அவர் உணவை மெல்லாமல் அப்படியே விழுங்கினார் என்று ஸ்பெயினில் இருந்த ஆங்கிலத் தூதர் ஸ்டான்ஹோப் எழுதி வைத்திருக்கிறார். எப்போதும் நோய். இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டும் குழந்தை இல்லை. 1700-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி, முப்பத்தொன்பது வயது நிறைவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது காலமானார். ஸ்பெயினில் ஹாப்ஸ்பர்க் வம்சம் அவரோடு அற்றுப் போயிற்று. 1701-லிருந்து 1714 வரையில் ஐரோப்பா முழுவதும் அந்த ராஜ்யத்துக்காகச் சண்டை போட்டது.

2009-ல் ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானிகள் இந்த வம்சாவளியைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நெருங்கிய உறவில் பெற்றோர் மணந்துகொள்வதால் குழந்தைக்கு இருபுறமும் ஒரே பரம்பரைக் கூறு வந்து சேர்வதற்கு ஓர் அளவு உண்டு. இரண்டாம் சார்லஸுக்கு அது 0.254. உடன் பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறக்கும் குழந்தைக்கு வரக்கூடிய அளவு 0.25 என்றால், மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். பிறகு 2019-ல் அதே குழுவினரில் சிலர் பத்துத் தாடை அறுவை நிபுணர்களை அழைத்து, ஹாப்ஸ்பர்க் வம்சத்தார் பதினைந்து பேருடைய 66 சித்திரங்களைக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு தாடை என்று மதிப்பிடச் சொன்னார்கள். நாலாம் பிலிப்புக்குத்தான் கீழ்த் தாடை அதிகம். பர்கண்டி மேரிக்குக் குறைவு. நெருங்கிய உறவுக் கல்யாணம் கூடக் கூடத் தாடைக் கோளாறும் கூடியது என்று கணக்கு காட்டிற்று. நிச்சயமான நிரூபணம் என்று அவர்களே சொல்லவில்லை. ஆனாலும் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வெலாஸ்க்வெஸ் பொய் சொல்லாமல் எழுதி வைத்தது, இன்றைக்கு வைத்தியர்களுக்குச் சாட்சியாய் உதவியது என்பது மட்டும் நிச்சயம்.

இவ்வளவு படங்களையும் பார்த்து முடித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. இவர்களில் ஒருவர்கூடப் பல் தெரியச் சிரிக்கவில்லை! தாடை சரியாயிருந்த ராஜாக்களும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்து ஐரோப்பிய நாகரிகத்தில் பல்லைக் காட்டுவது குடிகாரனுக்கும் பைத்தியத்துக்கும் கோமாளிக்கும் உரியது. கௌரவமுள்ளவர்களின் உதடு மூடியிருக்க வேண்டும். அதற்கு வேறொரு காரணமும் உண்டு. திறந்து காட்டினால் உள்ளே காட்டுவதற்கு அநேகமாக ஒன்றும் இருக்காது! பிரான்ஸின் பதினாலாம் லூயி மன்னருக்கு 1685-ல் மேல் பற்களைப் பிடுங்கியபோது தாடை எலும்பில் ஒரு பகுதியும் சேர்ந்து போய்விட்டது. குடித்த பானம் மூக்கு வழியாக வந்ததாம். 1701-ல் ரிகோ எழுதிய அவருடைய பட்டாபிஷேகக் கோலத்துப் படத்தைப் பாருங்கள். ஆடை ஆபரணம் அமர்க்களம். கன்னம் மட்டும் குழி விழுந்திருக்கிறது. அந்தப் படத்தை எழுதச் சொன்னது எதற்குத் தெரியுமா? இரண்டாம் சார்லஸுக்குப் பின் ஸ்பெயின் சிம்மாசனம் ஏறிய பேரனுக்குப் பரிசாக அனுப்புவதற்கு. தாடை அதிகமான அரண்மனைக்குத் தாடை குறைந்தவரின் படம்!

பாரிஸில் 1728-ல் ஃபோஷார் என்பவர் பல் வைத்தியத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். கோணல் பற்களை உலோகப் பட்டையில் கட்டி நேராக்கும் முறையும் அதில் இருந்தது. அதற்கப்புறம் பாரிஸ்காரர்களுக்குப் பல்லின் மேல் கவனம் பிறந்தது. 1787-ல் விஜே லெ ப்ரன் என்ற பெண் சித்திரக்காரர், மகளை அணைத்தபடி தாம் இருக்கும் படம் ஒன்றைக் கண்காட்சியில் வைத்தார். அதில் உதடு லேசாகப் பிரிந்து வெள்ளைப் பல் தெரிந்தது. அவ்வளவுதான், பத்திரிகையில் கண்டனம் வந்துவிட்டது. பழைய காலத்து மேதைகள் யாரும் இப்படிச் செய்ததில்லை, ரசனை உள்ளவர்கள் ஒப்பமாட்டார்கள் என்று. இன்று நாம் புகைப்படக்காரர் சொல்லாமலே செய்கிற காரியம், அன்றைக்கு ஒரு விவகாரம்.

அதே சித்திரக்காரர்தான் ராணி மரி அந்த்வானெத்தையும் எழுதியவர். ராணி யார்? வியன்னாவில் பிறந்த ஹாப்ஸ்பர்க் பெண். இருவரும் பிறந்தது ஒரே வருஷம், 1755. 1770-ல் நடந்த கல்யாணத்துக்கு முன்னால், பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடிக்க வேண்டுமென்று, அந்தச் சிறுமியின் பல் வரிசையைச் சீர்ப்படுத்தினார்கள். கல்யாணச் சந்தையில் பல்லுக்கு விலை போட்டது நம் ஊரில் மட்டும் நடந்த காரியம் அல்ல.

நம் ஊர் என்று சொன்னவுடன் என் அக்காள் ஞாபகத்துக்கு வருகிறாள். அவளைப் பற்றிச் சொல்லாமலே இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

என் அக்காளுக்கு எத்துப் பல். அவளைப் பெண் பார்க்க வந்தபோதெல்லாம் கூடத்துக்கு அனுப்பும் முன் அம்மா அவள் காதில் சொல்லுவாள்: "உதட்டை மூடிக்கொண்டு உட்காரடி. என்ன கேட்டாலும் தலையை ஆட்டு. சிரித்துத் தொலைக்காதே." அவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள். வந்தவர்கள் போனபின் உதடு வலிக்கிறது என்று சமையலறையில் போய்த் தடவிக்கொள்வாள். மூன்றாவதாய் வந்தவர்கள் வீட்டுப் படியிறங்கும்போது ஓர் அம்மாள், "இந்த வீட்டில் தேங்காய்த் துருவி தனியாக வாங்க வேண்டாம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். திண்ணையில் இருந்த எனக்குக் கேட்டது, நான் சிரித்தேன். எனக்குப் பத்து வயது. ஜன்னலுக்குப் பின்னால் அக்காள் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கதைகளில் எத்துப் பல்லைக் கோள் சொல்லுகிறவளுக்குக் கொடுக்க என் பேனா அன்றைக்கே கற்றுக்கொண்டுவிட்டது போலிருக்கிறது.

அழகுக்கு அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால் ஒரு சிலை எதிர்ப்படுகிறது. ரோமாபுரியில் போப்பாண்டவரின் மாளிகையில் உள்ள அப்பல்லோ தேவனின் பளிங்குச் சிலை. பதினெட்டாம் நூற்றாண்டில் அதைப் போன்ற அழகு உலகத்தில் இல்லை என்று ஐரோப்பாவே சொல்லிக்கொண்டிருந்தது. காம்ப்பர் என்ற டச்சு வைத்தியர், நெற்றிக்கும் தாடைக்கும் கோடு கிழித்து, முகத்தின் சாய்வைப் பாகையில் அளந்தார். கிரேக்கச் சிலைக்கு நூறு, ஐரோப்பியருக்கு எண்பது, ஆப்பிரிக்கருக்கு எழுபது, குரங்குக்கு அதற்கும் கீழே. அவர் மனித குலம் ஒன்றே என்று நம்பியவர்தான். ஆனால் 1791-ல், அவர் இறந்தபின், புத்தகம் வெளிவந்ததும் அளவுகோல் வேறு கைகளுக்குப் போயிற்று. 1854-ல் அமெரிக்காவில் நாட், கிளிட்டன் என்ற இருவர், மேலே அப்பல்லோவின் தலை, கீழே குரங்கின் தலை, நடுவே ஒரு கறுப்பரின் தலை என்று படம் போட்டார்கள். அடிமை வியாபாரம் செழித்திருந்த தேசத்தில் அந்தப் படத்துக்கு என்ன உபயோகம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே காலத்தில் லண்டன் விகடப் பத்திரிகைகளில் அயர்லாந்துக்காரனை எழுதினால் தாடையை இழுத்துக் குரங்காக்கி எழுதினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் ஜப்பானியரை எழுதியபோது மூக்குக் கண்ணாடியும் எத்துப் பல்லும் வைத்தார்கள். யுத்தம் முடிந்து பதினாறு வருஷம் கழித்து, 1961-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில்கூட, மிக்கி ரூனி பொய்ப் பல் மாட்டிக்கொண்டு ஜப்பானியராக நடித்துச் சிரிப்பு மூட்டினார்.

விசித்திரம் பாருங்கள்! சக்கரவர்த்திக்குத் தாடை துருத்தினால் அது வம்ச லட்சணம், நாணயத்தில்கூட அச்சடிக்கலாம். லியோபால்டின் வெள்ளிக் காசில் அந்தத் தாடை இன்றும் தெளிவாகத் தெரிகிறது. ஏழைக்கும் அடிமைக்கும் எதிரிக்கும் துருத்தினால் அதுவே மிருக லட்சணம். வித்தியாசம் தாடையில் இல்லை.

அப்பல்லோ அங்கேயும் நிற்கவில்லை. பல் வைத்தியரின் அறைக்குள்ளும் வந்தார். பல்லைச் சீர்ப்படுத்தும் வைத்தியத்தைத் தனிச் சாஸ்திரமாக்கியவர் எட்வர்டு ஆங்கிள் என்ற அமெரிக்கர். 1899-ல் அவர் பற்கள் சேரும் விதத்தை மூன்று வகுப்பாகப் பிரித்தார். மேல் பல் முன்னே நின்றால் பொதுவாக இரண்டாம் வகுப்பு. கீழ்த் தாடை முன்னே நின்றால் மூன்றாம் வகுப்பு. நம் ரயில்களில் 1974 வரையில் மூன்றாம் வகுப்பு இருந்தது. அதில் ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி ஏறி உட்கார்ந்ததுபோல் எனக்கு ஒரு கற்பனை. ஆங்கிளும் முதலில் அப்பல்லோவின் முகத்தைத்தான் உத்தமமென்று கொண்டாடினார். எல்லா முகங்களுக்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டா என்று வூர்ப்பெல் என்ற சித்திரக்கலை ஆசிரியரிடம் ஆலோசனை கேட்டார். அப்படி ஒரே விதி கிடையாது, முகத்துக்கு முகம் அழகு வேறு என்று அந்தக் கலைஞர் சொன்னார். வைத்தியர் தேடியதைக் கலைஞர் இல்லையென்றார்.

நான் வைத்தியத்தைக் குறை சொல்லுகிறேன் என்று எண்ணிவிடக்கூடாது. மெல்ல முடியாமல், பேச முடியாமல் அவதிப்படுகிறவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். 1950-களில் ஹூகோ ஆப்வேகெசர் என்ற அறுவை வைத்தியர், வாய்க்குள்ளிருந்தே கீழ்த் தாடையை இருபுறமும் பிளந்து நகர்த்திப் பொருத்தும் முறையைக் கண்டார். முகத்தில் தழும்பு தெரியாது. அவர் பிறந்த தேசம் ஆஸ்திரியா! இருநூற்றைம்பது வருஷம் முன்னால் பிறந்திருந்தால் ஸ்பெயின் மன்னர் ரொட்டியை மென்று தின்றிருப்பார்.

ஆனால் மெல்லுவதற்கும் பேசுவதற்கும் இடைஞ்சல் இல்லாத பல், பிறர் கண்ணுக்கு மட்டும் இடைஞ்சலாயிருந்தால்? 1981-ல் ஷா என்ற பிரிட்டிஷ் வைத்தியர் ஒரு பரீட்சை செய்தார். ஒரே குழந்தையின் புகைப்படத்தில் பல்லை மட்டும் மாற்றி மாற்றி, பலரிடம் காட்டிக் கேட்டார். பல் வரிசையாயிருந்தபோது அந்தக் குழந்தை அழகு மட்டுமல்ல, சிநேகம் செய்துகொள்ளத் தக்கது, புத்திசாலி என்றும் சொன்னார்கள். பல்லுக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. வட்டிக் கடைக்காரர் மனைவிக்கு எத்துப் பல் வைத்த எனக்கு அவர்களைக் கேட்க வாய் ஏது? 1999-ல் அமெரிக்காவில் இன்னொரு பரீட்சை. மேல் பல் வரிசையின் நடுக்கோடு நாலு மில்லிமீட்டர் ஒதுங்கியிருப்பதைப் பல் சீரமைப்பு நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள்; சாதாரண ஜனங்கள் கவனிக்கவே இல்லை. நாம் கண்ணாடி முன் நின்று கணக்கெடுக்கும் குறைகளில் பாதி எதிரே நிற்பவருக்குத் தெரிவதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஜப்பானில், ஓரத்துக் கோரைப் பல் சற்று மேலேறி முன்னே நின்றால் அதற்கு யாயெபா என்று பெயர். பெண்களுக்கு அது தனிக் கவர்ச்சி என்கிறார்கள். இயற்கையாக இல்லாதவர்கள் சிலர் வைத்தியரிடம் பணம் கொடுத்து வைத்துக்கொள்வதும் உண்டு. நமக்கு இது புதிதா? தெத்துப் பல் உள்ள பெண் சிரித்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இல்லையா? எத்துப் பல், தெத்துப் பல்: இடையில் ஒரே ஓர் எழுத்து. ஒன்றுக்குக் கேலி, மற்றதற்கு அதிர்ஷ்டம். இவ்வளவு மெல்லிய எழுத்தின் மேல் ஒரு பெண்ணின் வாழ்வை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

போன ஆவணியில் அக்காளின் பேத்தி கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அக்காளுக்குப் பல் இப்போது பாதிக்கு மேல் இல்லை. இளைய பேத்தி, பத்து வயதுப் பெண், பல்லுக்குக் கிளிப் போட்டிருந்தாள். "இப்போதே போடாவிட்டால் பாட்டி மாதிரி ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்" என்று அவள் தாயார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பக்கத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த அக்காளின் இடது கை மட்டும் மெல்ல எழும்பி வாயை மறைத்தது. பிறகு, புகைப்படக்காரர், "பாட்டி, கொஞ்சம் சிரியுங்கள்" என்றபோதும் அந்தக் கை இறங்கவில்லை.

நேற்று அவளைப் பார்க்கப் போனபோது அந்த வாசகியின் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "போடா தம்பி! எத்துப் பல் கதாநாயகியை எவன் காசு கொடுத்துப் படிப்பான்?" என்றாள்.

"அன்றைக்குத் திண்ணையில் நான் சிரித்தேனே, ஞாபகம் இருக்கிறதா அக்கா?" என்று கேட்டேன்.

"நீ சின்னப் பையன்" என்றாள். ஞாபகம் இல்லை என்று சொல்லவில்லை.

வாசக அம்மணிக்குப் பதில் எழுதிவிட்டேன். அடுத்த நாவலில் கதாநாயகிக்கு எத்துப் பல். அவள் தியாகியும் அல்ல, பரிதாபத்துக்கு உரியவளும் அல்ல. கோபக்காரி, கணக்கில் கெட்டிக்காரி, சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். முதல் அத்தியாயம் முடிந்துவிட்டது. அவள் சிரிக்கும் இடத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். முத்து, முல்லை, மாதுளை எல்லாம் பழக்க தோஷத்தில் பேனா முனையில் வந்து நின்றன. கடைசியில் 'அவள் வாய் விட்டுச் சிரித்தாள்' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டேன்.